படத்தில் விழக்கூடாத ஆள்

ஒஸ்லோவில் தமிழர் வீட்டு விசேஷங்களை வீடியோ எடுக்கிறவனுக்குக் கமராவைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். மண்டபத்துக்குள் போனதும் நான் முதலில் செய்வது வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, “ஆர் ஆர் படத்திலை விழக்கூடாது?” என்று கேட்பதுதான். அவரும் அதை எதிர்பார்த்து நின்றவர்போலக் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்குவார். முதுகு வருத்தமென்று டொக்டரிடம் சீக்மெல்டிங் என்ற சுகவீனக் கடிதம் எழுதி வாங்கி வேலைக்குப் போகாமல் நிற்கும் சித்தப்பா, பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டில் ஆடுவதை எடுக்கக்கூடாது. பெண்சாதியை விட்டுப் பிரிந்திருப்பவருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியக்கூடாது. மாமியாருக்குத் தெரியாமல் தலைமயிர் வெட்டிய மருமகளைப் பின்பக்கம் எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசா இல்லாதவர்கள் விழவே கூடாது. கசற் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போகும். எந்த வீட்டில் எவர் பார்ப்பார், எங்கே போய்க் கதைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் கிழமை நாட்களில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிக்கிற எனக்கு, சனி ஞாயிறுகளில் கிடைத்த மரியாதை முழுக்க இதனால் வந்ததுதான். லோறன்ஸ் எடுத்தால் பயமில்லை என்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். என்றாலும் சைவ வீட்டுக் கலியாணமோ செத்தவீடோ, ஐயர் அடுத்ததாக எதை எடுக்கப்போகிறார் என்பது ஐயருக்கு முன்னமே எனக்குத் தெரியும்.

கஜரூபன் என்னோடு சேர்ந்தது படம் எடுக்க. வீடியோ நான், படம் அவன். சின்ன வயதிலேயே நோர்வேக்கு வந்து, இங்கேயே படித்து, கமரா வேலையை முறையாகக் கற்றவன். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. எந்தக் கிழவியையும் இரண்டு வார்த்தையில் மடக்கிவிடுவான். “அம்மா, இஞ்சை பாருங்கோ” என்று அவன் சொன்னால், நாலு வருடமாகச் சிரிக்காத சனம்கூடச் சிரிக்கும். பிறகு பிறகு அந்தக் குரல் கேட்டால் நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமலே திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டது. நான் வீட்டுக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவனும் பக்கத்தில் நிற்பான். ஒரு பெயரையும் மறக்கமாட்டான்.

ஆனால் அவன் மனம் கலியாணங்களில் இல்லை. அவனுடைய பழைய வொல்வோவில், சீற்றுக்குக் கீழே ஒரு றேடியோ இருந்தது. அந்தக் காலத்தில் பொலிஸ்காரர் தங்களுக்குள் கதைப்பதை அப்படியான றேடியோவில் யாரும் கேட்கலாம். விபத்து, தீ, கத்திக்குத்து எதுவென்றாலும் அம்புலன்சுக்கு முன்னால் அவன் நிற்பான். ஒருமுறை தாலி கட்டி முடிந்த கையோடு ஆளைக் காணவில்லை. பெண்ணின் தகப்பன் என்னைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தார். பரிமாறும் நேரம் திரும்பி வந்தான், சப்பாத்து முழுக்கச் சேறு. பஸ் ஒன்று பிரண்டதாம். அடுத்த நாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது, ஒரு மூலையில் அவன் பெயரோடு.

ஸ்டோவ்னரில் ஒரு மாடிவீடு எரிந்தபோது, ஒரு பெண் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுகிற படம் எடுத்தான். பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள். நானும் உருகினேன். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான், அந்தப் பிள்ளை அவளுடையதில்லையாம். பக்கத்தில் நின்ற பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தது அவன்தானாம். அவனுக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, பேப்பரில் நிரந்தர வேலை. மற்றது, வருடத்தின் சிறந்த செய்திப்படம் என்று கொடுக்கிற பரிசு. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இதுவரை அந்த மேடையில் ஏறவில்லை, நான் ஏறுவேன் என்பான். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. அதற்காக எதையெல்லாம் மிதித்துக்கொண்டு ஏறுவான் என்பதுதான் எனக்கு அப்போது தெரியாது.

இனி ஜெகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் ஜெகதீஸ்வரன். அம்மருட்டில் இருக்கும் தங்கேஸ்வரியின் தம்பி. இரண்டாயிரமாம் ஆண்டு வந்து அகதி கேட்டவன். வழக்கு முடிவதற்குள் ஊரில் சமாதானம் வந்துவிட்டது. சமாதானம் பேசுகிறவர்களே நோர்வேக்காரர். உங்கள் நாட்டில் இப்போது சண்டையில்லை, நீங்கள் தாராளமாகத் திரும்பிப் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். அவன் போகவில்லை. திராமனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு, அதன் மேல் அறையிலேயே படுத்துக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி அக்கா வீட்டுக்கு வருவான். ரயிலில் நித்திரை கொள்ளமாட்டான், பொலிஸ் ஏறினால் அடுத்த பெட்டிக்குப் போகவேண்டுமே.

அந்த வீட்டில் எத்தனையோ விசேஷம் நான் எடுத்திருக்கிறேன். தங்கேஸ்வரியின் மகள் சோபிகாவின் பிறந்தநாட்கள், வீடு குடிபூரல், ஏடு தொடக்கல். எல்லாவற்றிலும் ஜெகன் இருந்தான், ஒன்றிலும் விழவில்லை. என் கமரா எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்கு அத்துப்படி. நான் திரும்பமுன் தட்டோடு அவன் குசினிக்குள் போய்விடுவான். “லோறன்ஸ் அண்ணை, என்னை விடுங்கோ, நான் சுட்ட வடையையாவது எடுங்கோ” என்று பகிடி விடுவான். எடுத்தேன். சோபிகாவின் ஐந்தாவது பிறந்தநாள் கசற்றில் அந்த வடைகள் அரை நிமிடம் வரும். தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கார்த்திகையில் தங்கேஸ்வரியின் புருஷன் ஜெயரத்தினம் செத்துப்போனார். நகரத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடம். ஜன்னல் துடைக்க ஏறிய தொட்டிலின் கம்பி அறுந்துவிட்டது. நல்ல மனிதர், ஒருவரோடும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. பேப்பர்க்காரர் துள்ளி எழும்பினார்கள். பாதுகாப்பில்லை, வெளிநாட்டுத் தொழிலாளி, விதவை, எட்டு வயதுப் பிள்ளை. வாசலில் வந்து மணியடித்தவர்களுக்குத் தங்கேஸ்வரி கதவு திறக்கவில்லை. செத்தவரின் பெயரைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் கதவு திறக்கக்கூடிய ஒரே பத்திரிகைக்காரன் கஜரூபன். அவனைக் கூப்பிட்டது அவர்களேதான். செத்தவீட்டையும் படம் எடுப்பீர்களா என்று என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரப் பெண்கள் முகத்தைச் சுளிப்பதுண்டு. ஜெயரத்தினத்தின் தாய் கோப்பாயில், தமையன்மார் ரொறன்ரோவில். விசாப் பிரச்சினையால் ஒருவராலும் வரமுடியாது. அவர்கள் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது என் கசற்றில்தான். வாய்க்கரிசி போடுவதைப் பார்க்காவிட்டால் அந்தத் தாய் சாகும்வரை நம்பமாட்டாள். அதனால் வீடியோவுக்கு என்னையும், நினைவு மலருக்குப் படம் எடுக்க அவனையும் கூப்பிட்டார்கள். கலியாண வீட்டுக்கு வருகிற அதே தம்பி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் தோளில் தொங்கிய கமரா அந்த வாரம் யாருக்காக வேலை செய்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

பிரச்சினை கொள்ளியில் வந்தது. ஜெயரத்தினத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. நோர்வேயில் சொந்தமென்று சொல்ல ஜெகனைத் தவிர ஓர் ஆணும் இல்லை. தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர் தான் செய்கிறேன் என்று முன்வந்தார். ஜெகன் சம்மதிக்கவில்லை. அத்தான் தனக்குச் சாப்பாடு போட்டவர், வெளியாள் கொள்ளி வைக்கத் தான் திராமனில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பதா என்று கேட்டானாம். மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

சுடலை மண்டபத்தின் வாசலில் நான் வழமையான கேள்வியைக் கேட்டேன். தங்கேஸ்வரி அழுது முடித்த முகத்தோடு சொன்னாள்.

“தம்பி மட்டும் விழக்கூடாது அண்ணை. மற்ற எல்லாரையும் எடுங்கோ.”

கஜரூபன் பக்கத்தில்தான் நின்றான். கேட்டுத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நினைக்கிற நேரமெல்லாம் எதையாவது போட்டு உடைக்கலாம்போல் வரும்.

ஓரத்தில் நிற்கிறவனை விடுவது லேசு. கொள்ளி வைக்கிறவனோ செத்தவீட்டின் நடுவில் நிற்கிறான். அவனை விட்டுவிட்டு எதை எடுப்பது? நான் அவன் கைகளை எடுத்தேன். தர்ப்பை மோதிரம் போட்ட விரலை எடுத்தேன். சுண்ணம் இடிக்கிற உலக்கையை, நெய்ப்பந்தம் பிடித்த சோபிகாவை, ஐயரின் வாயை எடுத்தேன். ஜெகனின் முதுகு வரும்போது பூவுக்குப் போனேன். அப்படி வேர்த்து வேர்த்து நான் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அந்தத் தாய் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், ஒருவனை மட்டும் பார்க்கக்கூடாது.

குடம் உடைக்கிறதை உள்ளே செய்யமுடியாது, தரையில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மண்டபத்துப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், வெளியே முற்றத்தில் செய்யுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். வெளியே அந்த வருடத்தின் முதல் பனி கொட்டிக் கிடந்தது. பிரேதப் பெட்டியை வாசலில் வைத்தார்கள். ஜெகன் மேலில் துணியில்லாமல், வேட்டியோடு, வெறுங்காலோடு, குடத்தைத் தோளில் வைத்துப் பனிக்குள் இறங்கி நடந்தான். குடத்தில் துளை போடப் போட அவன் முதுகால் தண்ணீர் வழிந்தது. உடம்பிலிருந்து ஆவி பறந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட சனம் சுற்றிவர நின்றது. நான் கமராவைக் கீழே தாழ்த்தி அவன் கால்களை எடுத்தேன். கால் பட்ட இடமெல்லாம் பனி உருகியிருந்தது.

கஜரூபன் பனியில் நெஞ்சு பட விழுந்து கிடந்தான். கீழே கிடந்து எடுத்தால் தலை வெட்டுப்படும், பொடியன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். மூன்றாம் சுற்றில் ஜெகன் குடத்தைப் பின்னால் விழவிட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

இரண்டு நாள் கழித்து, விடிய வேலைக்குப் போகையில் ரீ-பானே சுரங்க ரயிலில் எனக்கு முன்னால் இருந்தவர் பேப்பரை விரித்தார். முன்பக்கம் முழுக்க ஜெகன். பனி, குடம், ஆவி, பக்கவாட்டில் முகம். கீழே முழுப் பெயர், செத்தவரின் மைத்துனர் என்ற விளக்கத்தோடு. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். அடுத்த தரிப்பில் இறங்கி, மற்றப் பக்கம் ஓடி, அம்மருட்டுக்கு ரயில் பிடித்தேன்.

போகும் வழியிலேயே கஜரூபனுக்குப் போன் அடித்தேன். நான் வாய் திறக்கமுன் படம் பார்த்தீர்களா அண்ணை என்று கேட்டான். குரலில் அப்படியொரு சந்தோஷம். என் வாயில் வந்த தூஷணத்தை ரயிலில் இருந்த தமிழாட்கள் கேட்டிருப்பார்கள். அவன் கோபிக்கவில்லை.

“பேர் கேட்டவை, குடுத்தனான். பேரில்லாமல் இப்பிடிப் படம் போடமாட்டினம் அண்ணை.”

நான் போனபோது வீட்டில் யாரோ ஏற்கெனவே அந்தப் பேப்பரைக் கொண்டுவந்திருந்தார்கள். தங்கேஸ்வரி சுவரோடு சாய்ந்து இருந்தாள். ஜெகன் மேசையில் பேப்பரை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துபோய் இருப்பான் என்று நினைத்தேன். அவன் விரலால் படத்தின் ஓரத்தைத் தடவினான். தான் இவ்வளவு மெலிந்துவிட்டது தெரியாது என்றான். ஆறு வருடமாக அவன் தன்னைக் கண்ணாடியில் தவிர வேறெங்கும் கண்டதில்லை.

உடனே வெளிக்கிடு, என் கார் இருக்கிறது, பேர்கனில் எனக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறது, இப்போதே போவோம் என்றேன். அவன் அசையவில்லை. கொள்ளி வைத்தவன், எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடியும்வரை வீட்டை விட்டுப் போகக்கூடாது. எனக்கும் தெரிந்த சங்கதிதான். என்றாலும் சத்தம் போட்டேன், கெஞ்சினேன், கடைசியில் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன்.

“எட்டு முடியட்டும் அண்ணை. அத்தானுக்கு இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?”

தங்கேஸ்வரியைப் பார்த்தேன், நீயாவது சொல்லு என்று. அவள் என்ன சொல்வாள்? போ என்றால் புருஷனுக்குச் செய்யவேண்டியது நின்றுவிடும். நில் என்றால் தம்பி போய்விடுவான். சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். நான் வேதக்காரன், இந்த எட்டிலும் முப்பத்தொன்றிலும் எனக்கு என்ன கதை இருக்கிறது? இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அந்தக் கட்டடத்தின் கீழே போய் நின்று, பொலிஸ் கார் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்கவேண்டாம்.

எட்டன்று காலை படையல். ஜெயரத்தினத்துக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் இருந்தது. தாய்க்கு அனுப்ப எடுக்கச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டிருந்தேன். மணியடித்தது. சாதாரண உடுப்பில் மூன்று பேர், ஒரு பெண், இரண்டு ஆண். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண் இலையையும் படத்தையும் விளக்கையும் பார்த்து, இது முடிய எவ்வளவு நேரமாகும் என்று என்னிடம் நோர்வே மொழியில் மெதுவாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் என்றேன். காத்திருந்தார்கள். ஜெகன் கற்பூரம் காட்டி, தண்ணீர் தெளித்து, விழுந்து கும்பிட்டு எழும்பும்வரை மூன்று பேரும் காலுறையோடு சுவரோரமாக நின்றார்கள். அவர்கள் கத்தியிருந்தால், தள்ளியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கோபப்பட ஓர் ஆளாவது இருந்திருப்பார்.

சோபிகா மாமாவின் சட்டையை எடுத்துவந்து கொடுத்தாள். கீழே போனோம். வாசலில் கஜரூபன் நின்றான்.

அவனுடைய வொல்வோவின் மேலே ஒரு சாண் பனி கிடந்தது. அன்று காலை முழுக்கக் கொட்டிய பனி. றேடியோவில் கேட்டு ஓடிவந்தவனின் காரில் அவ்வளவு பனி இருக்காது. பொலிஸ் வரமுன்னமே, விடியமுன்னமே வந்து அவன் காத்து நின்றிருக்கிறான். எட்டு எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும், கொள்ளி வைத்தவன் அதுவரை போகமாட்டான் என்றும் தெரியும். அவர்களுக்கு அவனே சொன்னானா, இல்லை வருவார்கள் என்று கணக்குப் போட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது கூடாதது என்றும் தெரியாது.

ஜெகன் குனிந்த தலையோடு பொலிஸ் காரில் ஏறப்போனான். அப்போது அந்தக் குரல் கேட்டது.

“ஜெகன் அண்ணை, இஞ்சை பாருங்கோ.”

ஜெகன் பார்த்தான். நானும் பார்த்தேன். வாசலில் நின்ற தங்கேஸ்வரியும் பார்த்தாள். எத்தனை கலியாணங்களில் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகிய கழுத்துகள். ஜெகனுக்கு அது ஒரு நாளும் சொல்லப்பட்டதில்லை. முதல் தரம் தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நேரே பார்த்தான். கமரா மூன்று நாலு தரம் சத்தம் போட்டது. நான் ஓடிப்போய்க் கஜரூபனின் கொலரைப் பிடித்தேன். அந்தப் பொலிஸ் பெண்தான் என் கையை எடுத்துவிட்டாள். அவர் தன் வேலையைச் செய்கிறார், விடுங்கள் என்றாள்.

சட்டத்தரணி பிடித்தோம், சங்கம் கடிதம் எழுதியது, ஒன்றும் எடுபடவில்லை. தை மாதம் அவனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே சமாதானம் எப்போதோ செத்துப்போயிருந்தது. வசந்த காலத்தில் கஜரூபனுக்கு அந்தப் பரிசு கிடைத்தது. காருக்கு முன்னால் நின்று நேரே பார்க்கும் ஜெகனின் படத்துக்குத்தான். ரீவியில் காட்டினார்கள். தன் சமூகத்தின் காணப்படாத முகங்களைப் பற்றி மேடையில் அழகாகப் பேசினான். பேப்பரில் நிரந்தர வேலையும் கிடைத்தது.

ஆனியில் ஒருநாள் ஜெகன் வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து ரெலிபோன் காட் வாங்கப் போனான். திரும்பி வரவில்லை. வெள்ளை வானில் ஏற்றிப்போனார்கள் என்றார்கள், பொலிஸ் பிடித்தது என்றார்கள், ஒருவரும் நேரில் பார்க்கவில்லை. தங்கேஸ்வரி ஒவ்வொரு இடமாகப் போன் அடித்தாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற ஓர் அலுவலகம் முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று அனுப்பச் சொன்னது. பேப்பரில் வெட்டி அனுப்பினாள். புள்ளி புள்ளியாக இருக்கிறது, பிரதி எடுத்தால் ஆளே தெரியவில்லை, நல்ல படம் வேண்டும் என்றார்கள். அவன் நோர்வேக்கு வந்தது ஆள் அனுப்புகிற ஏஜென்சி கொடுத்த பாஸ்போட்டில், அதிலிருந்தது வேறு யாரோவின் முகம். ஊர் வீட்டோடு பழைய படங்கள் எரிந்துபோயின. இங்கே அகதி வழக்கில் எடுத்த படத்தைக் கேட்டுச் சட்டத்தரணி எழுதினார். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள்.

தங்கேஸ்வரி என்னிடம் வந்தாள்.

“உங்கடை கசற்றுகளிலை தம்பி எங்கையாவது இருப்பான்தானே அண்ணை? ஒரு மூலையிலையாவது?”

எல்லாக் கசற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆறு வருடம். வடைத் தட்டைப் பிடித்த கைகள் இருந்தன. ஒரு முழங்கை. சோபிகாவைத் தூக்கி வைத்திருக்கும் தோள், தலையில்லாமல். குசினிக்குள் போகிற முதுகு. குடிபூரலில், கண்ணாடி அலுமாரியில் ஒரு நிழல், அது ஜெகனா ஜெயரத்தினமா என்று எனக்கே தெரியவில்லை. பனியில் இரண்டு பாதம். ஒரு முகம் இல்லை. நான் அவ்வளவு நல்ல வேலைக்காரன். ரீவிக்கு முன்னால் இருந்து சின்னப்பிள்ளைபோல் அழுதேன்.

கஜரூபனிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. நகரத்துக்குள் ஒரு பழைய தொழிற்சாலையில், உயரமான ஜன்னல்களோடு அவனுக்கு ஓர் இடம் இருந்தது. எழுந்து வந்து கையைப் பிடித்தான், கோப்பி ஊற்றித் தந்தான். கொலரைப் பிடித்ததை நினைவில் வைத்திருப்பவனாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். உண்மையாகவே கவலைப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன். எழும்பி ஜன்னலடிக்குப் போனான். உன்னால்தானே எல்லாம் என்று நான் சொன்னதும் திரும்பினான்.

“நீங்கள் ஆறு வருசமா அந்த மனிசனை இல்லாத ஆளாக்கி வைச்சிருந்தனீங்கள். நான் ஒரு நாள் எண்டாலும் இருக்கிற ஆளாக்கினனான். இப்ப தேடுறதுக்கு என்ரை படந்தானே அண்ணை இருக்கு?”

எனக்குப் பதில் இருந்தது. அவனுடைய படம் இல்லாவிட்டால் தேடவேண்டிய தேவையே வந்திராது என்பதுதான் பதில். அதைச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் தலையாட்டியிருப்பான். படத்தைப் பெரிதாகப் போட்டுத் தானே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னான். பிறகு, கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, அக்காவும் அந்தப் படமுமாக ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டான். ஜெகன் பிடிபட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது, பேப்பரில் பெரிதாகப் போடுவார்கள் என்றான்.

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். தங்கேஸ்வரியிடம் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவனே போன் பண்ணிச் சொல்லிவிட்டான். நான் அம்மருட்டுக்குப் போய், அவனை உள்ளே விடாதே, வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்து என்று கத்தினேன். அவள் நான் கத்தி முடியும்வரை இருந்தாள். பேப்பரில் வந்தால் இங்கே யாராவது பெரிய ஆள் பார்ப்பார், நோர்வேக்காரர் கேட்டால் கொழும்பிலுள்ளவர்கள் பதில் சொல்லத்தானே வேண்டும் என்றாள். அவன் எடுத்தால்தான் பேப்பரில் போடுவார்கள், நீங்கள் எடுத்தால் போடுவார்களா அண்ணை என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். வெளியே மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. படம் பெரிய சட்டத்துக்குள் இருந்தது. கீழ் மூலையில் அவன் பெயர். தங்கேஸ்வரி அதை மடியில் வாங்கி வைத்து, ஜெகனின் கன்னத்தில் கையை வைத்தாள். சோபிகா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் வந்திருந்தேன், ஏன் வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த வீட்டில் கமரா வைத்தபோதெல்லாம் நான் இருந்திருக்கிறேன், அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

கஜரூபன் கமராவைத் தூக்கினான், பிறகு இறக்கினான். வெளிச்சம் போதாது என்றான். என் பழைய வீடியோ லைற் ஒன்று அந்த வீட்டு அலுமாரியின் மேல் எப்போதும் கிடக்கும். அவன் என்னைப் பார்த்தான். நான் போய் எடுத்து, எரியவிட்டு, உயர்த்திப் பிடித்தேன். அப்போதுதான் அவனுக்கு எங்கள் பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. நல்ல மரியாதையோடு, குரலைத் தாழ்த்தி, தங்கேஸ்வரியிடம் கேட்டான்.

“அக்கா, படத்திலை விழக்கூடாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

அவள் தம்பியின் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஒருத்தரும் இல்லைத் தம்பி. எல்லாரையும் எடுங்கோ” என்றாள்.

அவன் இஞ்சை பாருங்கோ என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். லைற் சூடேறிக் கையைச் சுட்டது, நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.